எந்த நாளுக்கு மீட்பது?

பழுதுற்ற பொருளொன்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் நற்செயல் என்பதை மறுப்பார் இலர். இடிந்த கோவிலைப் புதுக்குகிறோம். தூர்ந்த கேணியை இறைத்துத் துப்புரவு செய்கிறோம். செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்து அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையையும் உ. வே. சாமிநாதையரையும் நன்றியோடு நினைவுகூர்கிறோம். ஆயினும், 'பழைய நிலை' என்னும் சொற்றொடர் தோன்றுமளவுக்கு எளியதன்று. ஒரு பொருளுக்கு ஒரே ஒரு பழைய நிலைதான் உண்டா? எழுபது எண்பது ஆண்டுகள் உழைத்த பொருளின் எந்த நாளை அதன் உண்மையான நாள் என்று கொள்வது? அதனைத் தீர்மானிப்பவர் யார்? நம் நாட்டிலும் வேரூன்றிவிட்ட ஒரு பொழுதுபோக்கை முன்னிட்டு இவ்வினாக்களை வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

பழைய இராணுவ ஜீப்புகளையும், அவற்றின் வழிவந்த லாண்ட் ரோவர் போன்ற ஊர்திகளையும் தேடி வாங்கி, அக்கக்காகக் கழற்றி, புதுப்பித்து, சேர்த்து வைப்பதே அப்பொழுதுபோக்கு. மேலை நாடுகளில் இதற்கெனக் கழகங்கள் உண்டு; கண்காட்சிகள் உண்டு. கொழும்பிலும் பழைய ஊர்திகளைப் பேணுவோர் கழகம் அமைத்து ஊர்வலம் போகின்றனர். நம் நாட்டில் இதற்குப் பொருளாதாரக் காரணமும் ஒன்று சேர்ந்துகொண்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் ஊர்தி இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. புதிது வாராத நாட்டில் பழையதன் விலை ஏறுவது இயல்பே. பழையது அரியதாயிற்று, அரியது பெருமைக்குரியதாயிற்று.

ஜீப் வண்டி போரிலே பிறந்தது. 1940 யூலையில் ஐக்கிய அமெரிக்காவின் தரைப்படை, பாதையற்ற நிலத்தில் நான்கு சில்லுகளும் சேர்ந்து இழுத்துச் செல்லும் சிறிய ஊர்தியொன்று வேண்டுமென 135 நிறுவனங்களிடம் கேட்டது. பான்ரம் என்னும் சிறு நிறுவனம் 49 நாட்களில் முதல் வண்டியைச் செய்துகாட்டியது. ஆனால் படை கேட்ட தொகையைச் செய்து கொடுக்கும் வலு அதற்கில்லை. எனவே வில்லிஸ், போர்ட் என்னும் பெருநிறுவனங்களிடம் உற்பத்தி ஒப்படைக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் வெளிவந்தன. பலாலியில் விமானத்தளம் அமைந்ததும், மவுண்ட்பேற்றன் தமது தென்கிழக்காசியத் தலைமையகத்தை 1944இல் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்ததும் அப்போரின்போதுதான். நேச நாட்டுப் படைகளோடு ஜீப்பும் இலங்கை மண்ணில் வந்திறங்கியது.

போர் ஓய்ந்தபின் நிகழ்ந்ததே நம் சிந்தனைக்கு உரியது. படைகள் விட்டுச் சென்ற ஜீப்புகளைப் பிலிப்பீன்சு மக்கள் வாங்கினர். பின்புறத்தை நீட்டினர், இருபக்கமும் வாங்கு பொருத்தினர், கூரை வேய்ந்து பல நிறம் தீட்டினர். அப்படிப் பிறந்த 'ஜீப்னி' பல பத்தாண்டுகளாக அந்நாட்டு ஏழை எளியோரின் பேருந்தாக ஓடியது. இங்கிலாந்தில் மோரிஸ் வில்க்ஸ் என்பார் தமது பண்ணையில் உழைத்த பழைய ஜீப்பொன்றைப் பார்த்து, அதுபோல் உழவனுக்கும் பயன்படும் ஊர்தியொன்றைத் திட்டமிட்டார். உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவிய அந்நாளில் அலுமினியக் கலவைத் தகட்டால் உடல் செய்யப்பெற்று, 1948இல் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் லாண்ட் ரோவர் அரங்கேறியது. பண்ணைப் பொறிகளை அதன் எஞ்சினைக் கொண்டே இயக்கவும் வழி செய்திருந்தனர். இந்தியாவில் மகிந்திராவும், 1953 தொடக்கம் யப்பானில் மிற்சுபிசியும் ஜீப்பை உரிமம் பெற்றுச் செய்தன. மிற்சுபிசி ஜீப்பின் டீசல் எஞ்சினுக்குரிய '4டீஆர்5' என்னும் குறியீடே இன்று இலங்கையில் அவ்வண்டியின் பெயராக வழங்குகிறது.

வாளைக் கொழுவாக அடித்தல் என்பது பல சமயங்களும் கண்ட கனவு. அக்கனவை, எவரும் உபதேசிக்காமலே, உலகெங்கும் உழைக்கும் மக்கள் இந்த ஒரு வண்டியளவில் நனவாக்கினர். போருக்குச் செய்தது சந்தைக்குப் போயிற்று. மலேரியா மருந்து காவியது. மலைத்தோட்டத்தில் கொழுந்து ஏற்றியது. ஜீப்பின் வாழ்க்கையிலே போர் சில ஆண்டு. உழைப்போ பல பத்தாண்டு.

இனி, இப்படிப்பட்ட வண்டியொன்று சேகரிப்பாளர் கைக்கு வரும்போது நிகழ்வதைப் பார்ப்போம். அவர் நாடுவது 'அசல்'. எஞ்சின் எண்ணும் அடிச்சட்டத்தின் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறார். உழவன் ஒட்டவைத்த சுமைதாங்கிக் கம்பிகளை அறுத்தெறிகிறார். ஊர்க் கொல்லன் அடித்துப் பொருத்திய தகட்டைக் கழற்றிவிட்டு, தொழிற்சாலைப் படத்திலுள்ளவாறு புதிய தகட்டை வெளிநாட்டிலிருந்து தருவிக்கிறார். பல முறை மாறிய நிறங்களையெல்லாம் சுரண்டி நீக்கி, படைக்குரிய மங்கிய பச்சையைப் பூசுகிறார். முகப்பிலே வெள்ளை நட்சத்திரம். பக்கத்திலே மண்வெட்டியும் கோடரியும். காப்புத் தகட்டிலே ஏதோவொரு படைப்பிரிவின் எண். போரிலே பிறந்து உழைப்பிலே வளர்ந்த வண்டி மீண்டும் போருக்கே திருப்பி அனுப்பப்படுகிறது. ஜீப்பை ஜீப்னியாக்கிய பிலிப்பீன்சிலேயே இன்று போர்க்கால ஜீப்பின் உடற்கூடுகள் புதிதாய்ச் செய்யப்பட்டு, உலகச் சேகரிப்பாளருக்கு விற்கப்படுகின்றன. தந்தையர் மறக்கச் செய்த உருவத்தை மைந்தர் அச்சுப் பிசகாமல் வார்த்து ஏற்றுமதி செய்கின்றனர்.

இங்கேதான் எம் வினா எழுகிறது. தொழிற்சாலை வாயிலைத் தாண்டிய முதல் நாள் மட்டும் ஏன் அசல்? அதன்பின் வந்த ஐம்பது ஆண்டு உழைப்பு ஏன் அழுக்கு? ஏட்டுச் சுவடியில் மூலத்தோடு உரையும் உண்டு. நச்சினார்க்கினியர் பிற்காலத்தவர் என்பதற்காக அவர் உரையைச் சுரண்டி எறிந்துவிட்டுத் தொல்காப்பியத்தை மீட்டேன் என்று ஒருவர் கூறினால், அவரைப் பதிப்பாசிரியர் என்போமா? தாமோதரம்பிள்ளை மூலத்தையும் உரையையும் சேர்த்தே காத்தார். ஊர்தியின்மீது மனிதக் கைகள் எழுதிய உரைதான் அந்த ஒட்டும் வெட்டும் பூச்சும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் நமக்கு இது வெறும் தத்துவச் சிக்கலன்று. பழைய ஊர்தியைக் காப்பாற்றும் கலையில் நாம் எவருக்கும் இளைத்தவரல்லர். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்னும் ஆங்கிலேய மோட்டார்க் கார்கள் பிறந்த நாட்டிலேயே அருகிய பின்னும் நம் வீதிகளில் ஓடின. முதலில் 1960களின் இறக்குமதிக் கட்டுப்பாடு அவற்றைக் காக்கச் செய்தது; பின்னர் போர் காக்கச் செய்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது, பெற்றோல் மருந்துபோல் அளந்து பயன்படுத்தும் பொருளாயிற்று. எம் தலைமுறையினர் மண்ணெண்ணெய்ப் புகை மணக்கும் வீதிகளிலே வளர்ந்தோம்.

மண்ணெண்ணெயில் மோட்டார்க் கார் ஓடியது எவ்வாறு? குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது, ஆகவே தீப்பற்றாது. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு முடுக்கினால் எஞ்சின் உயிர்பெறும். சூடேறியபின் மண்ணெண்ணெயே போதும். பழைய ஆங்கில எஞ்சின்கள் எரிவாயுக் கலவையை அதிகம் அழுத்தாதவை. ஆதலால் இந்த மட்டமான எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. அழுத்தம் மிகுந்த புதிய எஞ்சின்கள் அதனைக் குடித்தால் இடித்துக்கொள்ளும். பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறும் இரட்டைத் தாங்கி உழவு இயந்திரங்களை ஆங்கிலத் தொழிற்சாலைகளும் முன்னர்ச் செய்ததுண்டு. அவற்றுக்கு அங்கே பொறியியலாளர் இருந்தனர். இங்கே இருந்தவர் கராஜில் எண்ணெய் படிந்த சாரத்தோடு நின்ற மெக்கானிக். பட்டப் படிப்பு இல்லாதவர். ஆனால் எஞ்சினின் ஓசையைக் கேட்டே நோய் சொன்னவர். உதிரிப்பாகம் வாராத நாளில் கடைசல் இயந்திரத்தில் கடைந்து அதனைச் செய்தவர். அதற்கும் மின்சாரம் இல்லாதபோது அரத்தால் அராவிச் செய்தவர்.

அவர் எந்த நாளுக்கு மீட்டார்? நாளைக்கு. நாளைக் காலை பேறுகால வலியெடுத்த பெண்ணை மருத்துவமனை சேர்க்க வேண்டும். நாளை மறுநாள் வெங்காயமும் புகையிலையும் சந்தை சேர வேண்டும். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, நடக்கவியலாத கிழவர்க்கு அவ்வாறு பிழைத்திருந்த ஊர்திகளே கால்களாயின. அசல் என்ற சொல்லை அந்த மெக்கானிக் அறிந்திருக்கலாம். ஆனால் அதற்காக ஒரு நாளைக்கூடச் செலவிட அவரிடம் நேரம் இருந்ததில்லை.

2002இல் ஏ9 வீதி திறந்தபின்னும், 2009இல் போர் முடிந்தபின்னும், தெற்கிலிருந்து வந்தோர் நம் பழைய கார்களை விரும்பி வாங்கிச் சென்றனர். விற்றவருக்கு வீடு திருத்தவும் பிள்ளையை வெளிநாடு அனுப்பவும் பணம் வேண்டியிருந்தது. அவர்களை நாம் குறைகூறோம். வாங்கியோரும் ஏமாற்றி வாங்கியவரல்லர். ஆனால் அவ்வண்டிகள் கொழும்பில் கழுவிப் புதுக்கப்பெற்றுத் திருமண ஊர்வலம் போகும்போது, அவற்றின் வரலாறாக எஞ்சுவது '1952, இங்கிலாந்து' என்பது மட்டுமே. மண்ணெண்ணெய் குடித்து ஓடிய ஆண்டுகளை எவரும் எழுதி வைப்பதில்லை. அந்த எஞ்சினை முப்பதாண்டு உயிரோடு வைத்திருந்த கைக்கு உரியவன் அவ்விலையில் ஒரு சதமும் பெறவில்லை.

மோட்டார்க் காரின் கதை இது. ஜீப்பின் கதை இன்னும் கனமானது. 1983 யூலை 23 இரவு திருநெல்வேலியில் ஒரு ஜீப்பிலும் லொறியிலும் ரோந்து வந்த படையினருள் 13 பேர் கொல்லப்பட்டனர். அதன்பின் யாழ்ப்பாணத்தில் துப்பாக்கிக்கும், கொழும்பிலும் பிற ஊர்களிலும் இனவெறித் தீக்கும் இரையான பொதுமக்கள் பலர். 1987 முதல் 1990 வரை இந்தியப் படையின் ஊர்திகள் இதே ஒழுங்கைகளில் வந்தன. இயக்கங்களின் ஊர்திகளும் இரவில் ஆள் தேடி வந்ததுண்டு. 2006க்குப் பின் 'வெள்ளை வான்' என்ற இரு சொற்களே வீட்டை மௌனத்தில் ஆழ்த்தப் போதுமாயின. எஞ்சின் ஓசையைக் கேட்டு விளக்கை அணைத்த தாய்மார் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களின் படலைக்கு முன்னே, படைப்பச்சை பூசிய ஜீப்பொன்றை ஓர் இளைஞர் விளையாட்டாக ஓட்டிச் செல்வாரானால், அவர் குற்றமேதும் செய்யவில்லை. ஆயினும் அந்தத் தாயின் கை ஒரு கணம் விளக்கைத் தேடும்.

'இரும்பு என்ன பாவம் செய்தது? எஞ்சினை நேசிப்பது குற்றமா?' என வினவுவோர் உளர். நேர்மையான வினா. இரும்பு பாவம் அறியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். அதனினும் மேலாக, எஞ்சினை நேசிக்கும் இளைஞரை நாம் வரவேற்கிறோம். உத்தியோகமே புருஷ இலட்சணம் என்று எண்ணி, கையில் எண்ணெய் படிந்தவனைத் திண்ணையோடு நிறுத்திய சமூகம் நம்முடையது. கைத்தொழிலைச் சாதியோடு கட்டிவைத்துத் தாழ்த்திய சமூகம் இது. படித்த குடும்பத்துப் பிள்ளையொருவர் தம் கையாலேயே பிஸ்டனைக் கழற்றித் துடைத்து மாட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டால், பழைய மதிலில் ஒரு கல்லாவது பெயர்கிறது. எம் மறுப்பு அந்தக் கைக்கு எதிரானதன்று. அந்தக் கை கடைசியாகப் பூசும் நிறத்தைப் பற்றியதே எம் மறுப்பு. இரும்பு பேசாது, பூச்சு பேசும். நட்சத்திரமும் படைப்பிரிவு எண்ணும் வண்டியின் உறுப்புகளல்ல, அவை வாக்கியங்கள். வாக்கியத்துக்கு எழுதியவர் பொறுப்பேற்றாக வேண்டும்.

சேர்த்து வைத்தல் என்பது தெரிந்தெடுத்தல், தெரிந்தெடுத்தலோ அதிகாரம். ஆனையிறவில் ஏ9 வீதியோரம் கவசம் பூட்டிய புல்டோசர் ஒன்று காட்சிக்கு நிற்கிறது. 1991 யூலையில் முகாமை நோக்கி வந்த அதனைத் தடுத்து உயிர்நீத்த படைவீரர் காமினி குலரத்தினவின் நினைவுச் சின்னம் அது. ஒரு தாய் பெற்ற மகன் அவர்; அத்தாயின் துயரை இகழ்பவன் மனிதனல்லன். ஆனால், அதே ஏ9 வீதிக்குக் கிழக்கே, 2009இல் முள்ளிவாய்க்கால் மணலில் மக்கள் விட்டுச் சென்ற உழவு இயந்திரங்களும், பேருந்துகளும், சயிக்கிள்களும் குவியல் குவியலாகத் துருப்பிடித்துக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் கடைசிச் சொத்து. அவற்றிற்குக் கூரை வேய்ந்தார் யார்? அவை பழைய இரும்பாக நிறுத்து விற்கப்பட்டன. போரிட்ட இரும்பு நினைவாயிற்று. தப்பியோடிய இரும்பு விலையாயிற்று. இதனினும் தெளிவாக, எது பேணத்தக்கது என்பதை யார் தீர்மானிக்கின்றார் என்னும் வினாவை எழுப்பும் சான்று வேறில்லை.

ஆகவே, பழைய ஊர்திகளை வாங்குவோருக்கும் புதுக்குவோருக்கும் சில கடமைகள் உண்டு என்கிறோம். வண்டியின் முழு வாழ்க்கையையும் எழுதி வைத்தல் முதற் கடமை. அது யாரிடம் இருந்தது, எதைச் சுமந்தது, எந்த எரிபொருளில் ஓடியது என்பவற்றை விற்பவரிடம் கேட்டெழுத ஒரு மாலைப்பொழுது போதும். புதுக்கும்போது, ஊர்க் கொல்லனின் ஒட்டொன்றையாவது, உழவனின் கம்பியொன்றையாவது மறைக்காமல் விட்டுவைத்தல் இரண்டாவது. அதனைக் காப்பாற்றிய மெக்கானிக்கின் பெயரை, தொழிற்சாலையின் பெயர்த்தகட்டுக்கு அருகே பொறித்தல் மூன்றாவது. போரின் நிறத்தைப் பூசியே தீர்வதெனின், அந்நிறம் தமது ஊரில் எதைக் குறித்தது என்பதைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் நான்காவது. எம்மிடம் கற்கும் மாணவருட் பலர் 2009க்குப் பின் பிறந்தவர். ஜீப் அவர்களுக்குக் கணினி விளையாட்டில் வரும் அழகிய வண்டி. அவர்களை அச்சத்தில் வளர்க்க நாம் விரும்பவில்லை. அறியாமையில் வளர்க்கவும் விரும்பவில்லை.

இன்னொன்றும் வேண்டும். மண்ணெண்ணெய்க் காலத்து மெக்கானிக்குகள் முதுமையடைந்து வருகின்றனர். அவர்கள் கண்டறிந்த உபாயங்கள் எந்நூலிலும் இல்லை. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து நாடே வரிசையில் நின்றபோது, அவர்களின் அறிவு எத்துணைப் பெறுமதியுடையது என்பதை ஒரு கணம் உணர்ந்தோம். வரிசை கலைந்ததும் மறந்தோம். ஊர்தி ஒன்று அழிந்தால் இன்னொன்று கிடைக்கும்; அந்த அறிவு அழிந்தால் எத்தொழிற்சாலையிலிருந்தும் தருவிக்க முடியாது. தொழில்நுட்பக் கல்லூரிகளும் வாசிகசாலைகளும் அவர்களை அழைத்துப் பேசச்செய்து பதிவுசெய்தல் வேண்டும். சேகரிப்பாளர் தம் செல்வத்தில் ஒரு பகுதியை இதற்குச் செலவிட்டால், அவர் வாங்கிய வண்டிக்கு உயிர் கொடுத்தவராவார்.

புறநானூற்றில் ஒளவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பாடிய பாட்டொன்று உண்டு. அவனுடைய கருவிகள் அலங்காரத்தோடு காவலில் இருப்பதையும், அதியமானுடையவை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் அருகருகே வைத்து, புகழ்வதுபோல் இகழ்ந்தார் அப்பெருமாட்டி. அப்பாட்டின் போர்ப் பெருமை இன்று நமக்கு வேண்டா. ஆனால் பளபளப்பையும் பயனையும் அவர் பிரித்தறிந்த கண் நமக்கு வேண்டும்.

நம் மக்களுக்கும் அந்தக் கண் உண்டு. ஆயுத பூசை நாளில் எந்தக் கராஜுக்குள்ளும் நுழைந்து பாருங்கள். சந்தனமும் குங்குமமும் சாத்தப்பெற்று வீற்றிருப்பவை ஸ்பானரும் சுத்தியலும். அரசர் வாளுக்குச் செய்த பூசையை உழைப்பவர் தம் கருவிக்குச் செய்தனர்; கொல்வதற்குரிய சொல்லை ஆக்குவதற்குரிய சொல்லாக மாற்றினர். ஜீப்பைச் சந்தைக்கு ஓட்டிய கைகளும், காருக்கு மண்ணெண்ணெய் ஊட்டிய கைகளும் செய்தது அதுவே. மக்கள் மாற்றிய பொருளை மறுபடி வாளாக்கிக் கண்ணாடிக் கூண்டில் வைப்பது மீட்பாகாது. மீட்பதாயின், அது உழைத்த நாளுக்கு மீட்போம்.